தாபரிப்பு வழக்கு: நீதிமன்றப் பதிவகத்தில் எதை, எப்படிக் கொடுப்பது

தாபரிப்பு வழக்கு என்பது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதச் செலவுக்காசு கேட்டுப் போடுகிற வழக்கு. அது ஒரு தவணையில் நீதவான் முன்னால் நிற்பது ஐந்து, பத்து நிமிடம். மிச்ச நாளெல்லாம் அது பதிவகத்து றாக்கையில் ஒரு கோவையாகக் கிடக்கிறது. அந்தக் கோவைக்குள் சரியான விலாசம் இருந்தால் அழைப்பாணை போய்ச் சேரும். சரியான பற்றுச்சீட்டு இருந்தால் நிலுவை தெரியவரும். இல்லாவிட்டால் எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு தவணைக்குத் தவணை தள்ளிப்போகும். யாழ்ப்பாணத்தில் இந்த வழக்குப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்கள். ஒரு தவணை தள்ளிப்போனால் அவர்களுக்கு ஒரு மாதச் சாப்பாடு கேள்விக்குறி. அதனால்தான் சட்ட வாதங்களை விட்டு, பதிவக வேலையை மட்டும் இங்கே விவரமாகச் சொல்கிறோம்.

எந்தக் கோட்ஸ்

யாழ். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் உண்டு. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்க தாபரிப்புச் சட்டத்தின்படி வழக்குப் போடவேண்டியது நீதவான் நீதிமன்றத்தில். நீங்கள் இருக்கிற இடத்துக்குரிய நீதிமன்றமாக இருக்கலாம், பிள்ளை இருக்கிற இடத்துக்குரியதாக இருக்கலாம், எதிர்மனுதாரர், அதாவது யாரிடம் காசு கேட்டு வழக்குப் போடுகிறீர்களோ அவர், இருக்கிற இடத்துக்குரியதாகவும் இருக்கலாம். கணவர் வவுனியாவில் வேலை செய்கிறார் என்பதற்காக நீங்கள் வவுனியாவுக்கு அலையத் தேவையில்லை. பஸ் காசையும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும் நேரத்தையும் பார்த்து, கிட்டடியில் உள்ளதையே தெரிவுசெய்யுங்கள். வழக்கு முடிய எத்தனை தவணை என்று முதலே தெரியாது.

விவாகரத்து, பிள்ளையை யார் வைத்திருப்பது, தத்தெடுப்பு ஆகியவை மாவட்ட நீதிமன்றத்துக்குரியவை. ஒரே வளவுக்குள் இரண்டு நீதிமன்றமும் இருந்தாலும் பதிவகங்கள் வேறு, கோவைகளும் வேறு. விவாகரத்து வழக்கு முடியட்டும், பிறகு தாபரிப்புக் கேட்போம் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் பசி அந்த வழக்கைப் பார்த்துக்கொண்டிராது. முஸ்லிம் தம்பதியர் என்றால் இந்த விடயம் காதி நீதிமன்றத்துக்குரியது. வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அதுவும் நீதவான் நீதிமன்றம்தான், ஆனால் வேறு விண்ணப்பம், வேறு கோவை. இரண்டையும் ஒரே கடதாசியில் எழுதிக்கொண்டு போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

பதிவகத்தில் யார் யார்

பதிவாளர் பதிவகத்தின் தலைவர். நீதிமன்ற முத்திரை, கோவைகள், பதிவேடுகள் எல்லாம் அவருடைய பொறுப்பு. அழைப்பாணையில் கையெழுத்து வைப்பதும் அவரே. அவருக்குக் கீழே இலிகிதர்கள். ஊர் வழக்கில் கிளாக்கர். வழக்கைப் பதிந்து எண் போடுவது, ஒவ்வொரு தவணையிலும் நடந்ததைக் கோவையின் நடவடிக்கைக் குறிப்பில் எழுதுவது, அழைப்பாணை தயாரிப்பது, பிரதி கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. திறந்த மன்றில் வழக்கைக் கூப்பிடுவதும் உறுதிமொழி எடுப்பிப்பதும் முதலியார். அழைப்பாணை, பிடியாணை, பறிமுதல் என்று வெளியே போகிற வேலைகளைப் பார்ப்பது பிஸ்கால். காசு வாங்கிப் பற்றுச்சீட்டுத் தருகிறவர் சிறாப்பர்.

அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர் சிலர், அங்கே கோட்ஸ் கிளாக்கரை மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்வார்கள் என்று சொல்லியிருப்பார்கள். அது உண்மை. புளோரிடா, தென் கரோலினா போன்ற மாநிலங்களில் நீதிமன்ற எழுத்தர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலில் நின்று வருகிறவர். வாக்காளருக்குப் பதில் சொல்லவேண்டியவர் என்பதால் அங்கே அவரிடம் போய் முறையிடுவதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. பதிவாளர் முதல் இலிகிதர், உரைபெயர்ப்பாளர், பிஸ்கால் வரை எல்லாரும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கீழ் வருகிற உத்தியோகத்தர்கள். அந்த ஆணைக்குழுவில் இருப்போர் பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும். ஆகவே பிரதேச சபை உறுப்பினரையோ ஊர்ப் பிரமுகரையோ கூட்டிக்கொண்டு போய்ப் பதிவாளரிடம் "ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்பதால் ஒரு நன்மையும் வராது. கோவையில் குறை இருந்தால் அவருடைய சிபாரிசு அதை நிரப்பாது. குறை இல்லாவிட்டால் சிபாரிசே தேவையில்லை.

இன்னொன்றையும் முதலே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளாக்கர் உங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. "நான் எவ்வளவு கேக்கிறது?", "வெல்லுவனோ?" என்று அவரிடம் கேட்டால் பதில் வராது, வரவும் கூடாது. அவர் மற்றப் பக்கத்துக்கும் அதே மேசையில் இருந்து வேலை செய்கிறவர். அவரிடம் கேட்கக்கூடியவை வேறு: கோவை எண், அடுத்த தவணைத் திகதி, அழைப்பாணை போனதா, என்ன குறிப்போடு திரும்பியது, எத்தனை பிரதி வேண்டும், பிரதிக்கு எவ்வளவு கட்டுவது. இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் சேர்க்கவேண்டிய கடதாசிகள்

திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் தேசிய அடையாள அட்டை. இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பதிவு நடந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி எடுங்கள். கோயிலில் தாலி கட்டி எழுத்துப் பதியாமல் விட்டிருந்தால் கல்யாணப் படங்கள், ஐயரின் பெயர், சடங்கில் நின்ற இரண்டு பேரின் பெயர் விலாசம், குடும்ப அட்டை அல்லது வாக்காளர் பட்டியலில் கணவன் மனைவி என்று பதிந்த ஆதாரம் ஆகியவற்றைச் சேர்க்கவும். பிள்ளைக்குக் கேட்பதற்குத் திருமணமே தேவையில்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் கொடுக்கத்தான் வேண்டும், தகப்பன் அவர்தான் என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

எதிர்மனுதாரரின் வருமானத்துக்கு ஆதாரம் எடுப்பதுதான் கடினம். சம்பளத் துண்டின் படம் ஒன்று பழைய போனில் கிடக்கலாம். அவர் வேலை செய்யும் திணைக்களம் அல்லது கொம்பனியின் முழுப் பெயரும் விலாசமும் தெரிந்தால் போதும், மாதச் சம்பளத்தைச் சரியாகச் சொல்லத் தேவையில்லை. நீதிமன்றம் அங்கே கேட்டு எடுக்கலாம். மீன்பிடி என்றால் வள்ளம் யாருடைய பெயரில், எந்த இறங்குதுறை, எந்தச் சங்கத்தில் உறுப்பினர். ஓட்டோ, லொறி என்றால் வாகன இலக்கம். தோட்டம் என்றால் எத்தனை பரப்பு, சொந்தமா குத்தகையா, எந்தப் போகத்தில் என்ன பயிர். "நல்லா உழைக்கிறார்" என்று எழுதினால் அது வெறும் சொல். "சுன்னாகத்தில் எட்டுப் பரப்பில் வெங்காயம் வைக்கிறார், அறுவடையைச் சந்தைக்கு ஏற்றுகிறார்" என்று எழுதினால் அதைக் குறுக்கு விசாரணையில் பிடித்துப் பேசலாம்.

பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி இருந்தால் நல்லது. ஆனால் பொலிஸில் "என்றி" போட்டது வழக்குப் போட்டதாகாது. பெண்கள் சிறுவர் பிரிவில் இரண்டு பேரையும் இருத்தி, மாதம் இவ்வளவு தருவதாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அவர் நிறுத்தினால் அந்தக் கடதாசியை வைத்துப் பொலிஸார் காசு அறவிட முடியாது. அறவிடும் அதிகாரம் நீதவானின் கட்டளைக்குத்தான்.

செலவுக் கணக்கு

நாலு பேர் கேட்டால் நாலு தொகை சொல்லுகிற மாதிரிக் கணக்கு இருக்கக்கூடாது. ஒரு கொப்பி ஒற்றையில் ஒரு மாதத்தை வரிவரியாக எழுதுங்கள். தாயும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒரு வீட்டுக்கு உதாரணமாக இப்படி வரும்: அரிசி, சாமான், மரக்கறி, மீன் 28,000, பால்மா 4,500, காஸ் 3,200, மின்சாரமும் தண்ணீரும் 3,500, பள்ளி வான் இருவருக்கும் 8,000, ரியூஷன் 6,000, மருந்து 3,000. வருடத்துக்கு ஒருக்கா வருகிற உடுப்பு, சப்பாத்து, கொப்பிச் செலவு 36,000 என்றால் பன்னிரண்டால் பிரித்து மாதம் 3,000. எல்லாம் கூட்டினால் 59,200 ரூபா. தாய் தையலில் மாதம் 22,000 உழைக்கிறார் என்றால் குறைவது 37,200.

இந்த 37,200 ஐ ஒரே தொகையாகக் கேட்கவேண்டாம். ஆளுக்கு ஆள் பிரித்துக் கேளுங்கள்: மூத்த பிள்ளைக்கு 15,000, இளைய பிள்ளைக்கு 14,000, மனைவிக்கு 8,200 என்று. காரணம் இருக்கிறது. மனைவிக்குரிய பங்கில் தகராறு வந்தாலும் பிள்ளைகளுடைய பங்கு தனியே நிற்கும். ஒரு பிள்ளை பதினெட்டைத் தாண்டும்போது மற்றப் பிள்ளையின் தொகை குழம்பாது. உங்கள் வருமானத்தை மறைக்கவும் வேண்டாம். தையல், ஆடு மாடு, வெளிநாட்டில் இருந்து அண்ணன் அனுப்புவது எல்லாம் விசாரணையில் வெளியே வரும். மறைத்தது தெரிந்தால் மீதி உண்மைகளையும் நீதவான் ஐயத்தோடுதான் பார்ப்பார்.

சத்தியக்கடதாசி

எழுதியதெல்லாம் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்து வைக்கிற இந்தக் கடதாசிதான் வழக்கின் முதுகெலும்பு. விண்ணப்பத்தோடு சத்தியக்கடதாசியும் இருக்கவேண்டும். அதிலுள்ள விடயங்கள் போதும் என்று நீதவான் கண்டால்தான் அழைப்பாணை போகும், சத்தியக்கடதாசியின் பிரதியும் அழைப்பாணையோடு எதிர்மனுதாரருக்குப் போகும். அதாவது நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் முதலில் வாசிக்கப்போகிறவர் அவரே. திட்டி எழுதாதீர்கள்.

பந்தி பந்தியாக எண் போட்டு எழுதவேண்டும். உங்கள் பெயர், விலாசம், திருமணத் திகதியும் பதிவு இலக்கமும், பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, எந்த மாதத்தில் இருந்து அவர் செலவு தருவதை நிறுத்தினார், கேட்டபோது என்ன நடந்தது, அவருடைய தொழில், வருமானம், அது உங்களுக்கு எப்படித் தெரியும், உங்கள் வருமானம், மாதச் செலவுக் கணக்கு, கடைசியில் யாருக்கு எவ்வளவு கேட்கிறீர்கள் என்பது. நீங்கள் கண்டதையும் அறிந்ததையும் எழுதுங்கள். "சனம் சொல்லுது" என்பதை விடுங்கள். வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம்.

ஒரு வரியில் பலர் வழுக்கி விழுகிறார்கள். "மனம் ஒத்துப்போகாததால் இருவரும் பேசிப் பிரிந்து வாழ்கிறோம்" என்று மரியாதைக்காக எழுதிவிடுவார்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் வாழ்க்கைத்துணைக்குத் தாபரிப்பு இல்லை என்கிறது சட்டம். உண்மையில் அவர் விட்டுவிட்டுப் போனார், அல்லது அடி தாங்காமல் நீங்கள் தாய் வீட்டுக்கு வந்தீர்கள் என்றால் அதை அப்படியே, திகதியோடு எழுதுங்கள். பிள்ளைக்குக் கேட்பதை இந்த வரி பாதிக்காது. உங்களுக்குக் கேட்பதைப் பாதிக்கும்.

கையெழுத்து வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னால் இருந்துதான் கையெழுத்து வைக்கவேண்டும். வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தம்பியிடம் கொடுத்தனுப்பி முத்திரை குத்தி எடுப்பது பிழை. கடைசிப் பந்தியில் இந்தச் சத்தியக்கடதாசி வாசித்து விளங்கப்படுத்தப்பட்டு, இன்ன இடத்தில், இன்ன திகதியில், என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது என்ற குறிப்பு இருக்கவேண்டும். அந்தக் குறிப்பில் திகதி விடுபட்டிருப்பதுதான் அடிக்கடி காணும் குறை. அடுத்தது வெட்டித் திருத்திய இடங்களில் சுருக்கொப்பம் இல்லாதது. சைவர்களுக்கு "உண்மையாகவும் பயபக்தியாகவும் உறுதி கூறுகிறேன்" என்றும் கிறிஸ்தவர்களுக்கு "சத்தியம் செய்கிறேன்" என்றும் வரவேண்டும். ரைப் பண்ணும் கடையில் பழைய மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவதால் இது மாறிப்போகிறது. உங்களுக்காக வழக்குப் பேசப்போகிற சட்டத்தரணியே சத்தியப் பிரமாண ஆணையாளராக இருந்தாலும் அந்தச் சத்தியக்கடதாசியை அவர் அத்தாட்சிப்படுத்த முடியாது. வேறொருவரிடம் போங்கள்.

விலாசம்

இதற்குத் தனித் தலைப்புப் போடக் காரணம் இருக்கிறது. தாபரிப்பு வழக்குகள் இழுபடுவதற்கு முதற் காரணமே அழைப்பாணை சேராதது. "கந்தர்மடம், யாழ்ப்பாணம்" என்று எழுதினால் பிஸ்கால் ஆள் எந்தப் படலையில் தட்டுவார்? கோவைக்குள் "குறித்த விலாசத்தில் இல்லை" என்ற குறிப்போடு அழைப்பாணை திரும்பி வரும், அடுத்த தவணைக்கு மறு அழைப்பாணை என்று கட்டளையாகும், ஒரு மாதமோ இரண்டு மாதமோ போய்விடும்.

ஊரில் ஆள் கேட்டு வருகிறவருக்கு வழி சொல்வது மாதிரி எழுதுங்கள். வீட்டு இலக்கம், வீதி, ஒழுங்கை, பக்கத்துக் கோயில் அல்லது சனசமூக நிலையம், கிராம அலுவலர் பிரிவின் பெயர், "ஜே" என்று தொடங்குகிற அந்தப் பிரிவின் இலக்கம், பொலிஸ் பிரிவு. பிரிவு இலக்கத்தை உங்கள் விதானையாரிடம் கேட்டால் சொல்லுவார். அதோடு வேலைத்தலத்தின் விலாசத்தையும் இரண்டாவதாகக் கொடுங்கள். வீட்டில் ஒளிந்தாலும் சம்பளத்துக்கு வேலைக்குப் போகத்தான் வேண்டும். அவர் தாய் வீட்டில் நிற்கிறாரா, தமக்கை வீட்டில் நிற்கிறாரா என்பது மாறினால் தவணைக்குக் காத்திராமல் புதிய விலாசத்தைப் பதிவகத்தில் எழுத்தில் கொடுங்கள். சட்டத்தரணி வைத்திருந்தால், அதை மன்றுக்குத் தெரிவிக்கும் நகர்த்தல் பத்திரத்தை அவர் போடுவார்.

ஆள் வெளிநாட்டில் என்றால் இன்னும் சிக்கல். இங்கே எடுத்த கட்டளை கனடாவிலோ சுவிஸிலோ தானாகச் செல்லுபடியாகாது. அங்குள்ள நீதிமன்ற வழியையும் பார்க்கவேண்டி வரும், அதற்கு அந்த நாட்டுச் சட்டத்தரணி தேவை. ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கோ வீட்டுச் சடங்குக்கோ அவர் ஊருக்கு வருகிறவர் என்றால், அவர் நிற்கப்போகிற நாட்களையும் வீட்டையும் முன்கூட்டியே பதிவகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். அவர் பிளேன் ஏறிய பிறகு சொல்லிப் பயனில்லை.

தாக்கல் செய்யும் நாள்

விண்ணப்பமும் சத்தியக்கடதாசியும் மூன்று தொகுதி: நீதிமன்றத்துக்கு ஒன்று, எதிர்மனுதாரருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. சான்றிதழ்களின் போட்டோக் கொப்பிகளை ஒவ்வொரு தொகுதியிலும் இணைத்து, அடையாளம் இட்டு, சத்தியக்கடதாசியிலும் அதே அடையாளத்தைக் குறிப்பிடுங்கள். மூலங்களைக் கையில் வைத்திருங்கள், கொடுத்துவிட வேண்டாம். காலை எட்டரைக்கே போய்விடுங்கள். மன்று கூடிவிட்டால் கிளாக்கர்களில் பாதிப்பேர் உள்ளே நிற்பார்கள்.

உங்கள் தொகுதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பவேண்டாம். தாபரிப்பு பொதுவாக விண்ணப்பம் கொடுத்த நாளில் இருந்தே கணக்காகும். வேறு திகதியில் இருந்து என்றால் நீதவான் காரணத்தைப் பதிந்து கட்டளையிட வேண்டும். மாதம் 30,000 ரூபா கிடைக்கவேண்டிய வீட்டில் தாக்கல் செய்வதை இரண்டு மாதம் பின்போட்டால் 60,000 ரூபா போனதுதான். குறையில்லாத ஒரு கடதாசியை இன்று கொடுப்பது எவ்வளவு பெறுமதி என்று இப்போது விளங்கும்.

சட்டத்தரணி இல்லாமலும் இந்த வழக்கை நீங்களே போடலாம். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம். வருமானம் பற்றிக் கிராம அலுவலரின் கடிதத்தோடு போனால் ஒரு நடை மிச்சம்.

தவணைகளில்

பெயர் கூப்பிடும்போது நீங்கள் இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகக்கூடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரையாவது மருத்துவச் சான்றிதழோடு அனுப்புங்கள். தவணைத் திகதியை மன்றில் காதால் கேட்டதோடு விடாமல், வெளியே வந்து கிளாக்கரிடம் கோவையைப் பார்த்துச் சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 16 ஐ 26 என்று கேட்டுவிட்டு வழக்கை இழந்தவர்கள் உண்டு. விசாரணை நீளும் என்று தெரிந்தால் இடைக்காலத் தாபரிப்புக் கட்டளை கேட்கலாம். இதை வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

அழைப்பாணை கிடைத்த பக்கத்துக்கும் ஒரு சொல். வராமல் விடுவதால் வழக்கு இல்லாமல் போகாது, பிடியாணை வரக்கூடும். சம்பளத் துண்டு, கடன் கழிவுகள், வயதான பெற்றாரின் மருந்துச் செலவு எல்லாவற்றையும் ஆதாரத்தோடு கொண்டுவந்து காட்டினால் தொகை அதற்கேற்பத் தீர்மானிக்கப்படும்.

கட்டளைக்குப் பிறகு காசு

காசு எப்படி வரவேண்டும் என்பதைக் கட்டளையிலேயே தெளிவாக எழுதுவித்துக்கொள்ளுங்கள். எங்கள் அனுபவத்தில் மிக நல்லது உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு. நீதிமன்றத்தில் கட்டினால் நீங்கள் அடையாள அட்டையோடு வந்து எடுக்கவேண்டும், அதற்கும் ஒரு நாட்கூலி போகும். கையில் கொடுப்பதுதான் ஆகக் கூடாதது. மாமியார் மூலம் ஐயாயிரம், பிள்ளையிடம் மூவாயிரம் என்று கொடுத்துவிட்டுப் பிறகு "எல்லாம் குடுத்தனான்" என்பார், நீங்கள் "இல்லை" என்பீர்கள், கோவையில் இரண்டுக்கும் ஆதாரம் இருக்காது. அப்படி வாங்கவேண்டி வந்தால் திகதி போட்டுப் பற்றுச்சீட்டு எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

ஒரு கொப்பியில் ஐந்து நிரல் கீறுங்கள்: மாதம், வரவேண்டியது, வந்தது, வந்த திகதி, மீதி. மாதம் 30,000 கட்டளை என்றால், தையில் 20,000 வந்தது, மாசியில் ஒன்றும் இல்லை, பங்குனியில் 15,000; வரவேண்டிய 90,000 இல் 35,000 வந்து 55,000 நிலுவை. இந்த ஒற்றையையும் வங்கிப் புத்தகத்தின் பிரதியையும் நிலுவை விண்ணப்பத்தோடு கொடுத்தால் கிளாக்கர் கோவையோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். "மூன்று மாதமாகச் சரியாகத் தரவில்லை" என்று மட்டும் எழுதினால் கணக்குப் பார்க்கவே ஒரு தவணை போடுவார்கள்.

நிலுவையை அபராதம் அறவிடுவது போலப் பிடியாணை மூலம் அறவிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. கொடாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். சம்பளம் எடுக்கிறவர் என்றால் சம்பளத்தில் இருந்தே கழித்தனுப்பக் கட்டளை கேளுங்கள். சிறைக்கு அனுப்பினால் அந்த மாதம் அவர் உழைக்கமாட்டார் என்பதையும் யோசித்து, எதைக் கேட்பது என்று முடிவெடுங்கள். சம்பளக் கட்டளை வந்தால் அதன் பிரதி வேலைத்தலத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு கிழமையில் பதிவகத்தில் விசாரியுங்கள். வேலைத்தலத்தின் பெயர் பிழையாக எழுதப்பட்டு, கடிதம் எங்கோ சுற்றுவது நடக்கிற காரியம்.

கட்டளையில் திருப்தி இல்லாவிட்டால் மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு, 14 நாளுக்குள். கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு அன்றைக்கே விண்ணப்பித்து, கட்டணத்தைச் சிறாப்பரிடம் கட்டிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மேன்முறையீட்டுக்குப் போகாதவர்களும் ஒரு பிரதி எடுத்து வைக்கவேண்டும். பள்ளிக்கூடம், வங்கி, கடவுச்சீட்டு என்று எங்காவது கேட்பார்கள்.

விலைவாசி ஏறினாலோ அவருடைய உழைப்புக் கூடினாலோ அதே கோவையில் தொகையைக் கூட்டக் கேட்கலாம். குறைக்கச் சொல்லி அவரும் கேட்கலாம். பிள்ளை பதினெட்டை எட்டும் மாதத்தைக் கொப்பியின் முன் ஒற்றையில் எழுதிவையுங்கள். உயர்தரம் படிக்கிற, கம்பசுக்குப் போகிற பிள்ளை, தன்னைத் தானே தாபரிக்க முடியாதவராக இருந்தால் இருபத்தைந்து வயது வரை கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதைப் பிள்ளை தன் பெயரிலேயே கேட்கலாம். பள்ளிக்கூட அதிபரின் கடிதம் அல்லது பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், பிள்ளையின் அடையாள அட்டை, பழைய கட்டளையின் பிரதி ஆகியவற்றோடு பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே பதிவகத்துக்குப் போங்கள்.